மூச்சு விடாத கார் ஷெட்

எங்கள் வீட்டில் கார் கிடையாது, கார் ஷெட் உண்டு. கடலூர் செம்மண்டலத்தில் இந்த வீட்டை வாங்கியபோது கூடவே வந்தது. 20 அடி நீளம், 11 அடி அகலம், 9 அடி உயரம். மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர், முன்னால் ரோலிங் ஷட்டர், தலைக்கு மேல் தகர ஷீட். பகலெல்லாம் கணக்கெழுதும் எனக்கு மரவேலை ஒரு கிறுக்கு. வாங்கிய மாதமே இழைப்புளி, உளி, டேபிள் சா என்கிற மேஜை ரம்பம் எல்லாம் அந்த ஷெட்டுக்குள் குடியேறிவிட்டன.

கத்திரி வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்காற்று அடிக்கும் நாளில் கடல்காற்று மத்தியானம் தாண்டியும் உள்ளே வராது. இழைத்துக்கொண்டிருக்கும் பலகையில் நெற்றி வேர்வை சொட்டி, தேக்கில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். மழைக்காலத்தில் வேறு தொல்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எண்ணெய் தடவாமல் விட்ட உளி ஒரே வாரத்தில் காவி நிறமாகிவிடும். அதனால் 2023 கோடையில் ஒரு முடிவெடுத்தேன்: ஷெட்டை மூடி, வெப்பத்தடுப்பு போட்டு, ஏசி மாட்டிவிடுவது.

எப்படிச் செய்வதென்று காணொளிகள் பார்த்தேன். எல்லாம் கனடா, அமெரிக்கா பக்கத்து ஆட்கள் செய்தவை. சுவரில் சட்டம் அடி, இடையில் கிளாஸ் வுல் என்கிற கண்ணாடிப் பஞ்சைத் திணி, அதன் மேல் உட்பக்கமாக பாலிதீன் ஷீட்டை ஓட்டையில்லாமல் இழுத்துக் கட்டு, மேலே பிளைவுட் அடி. அட்சரம் பிசகாமல் செய்தேன். ஷட்டருக்குப் பின்னால் இரட்டைக் கதவு, கதவைச் சுற்றி ரப்பர் பீடிங், சந்து பொந்தெல்லாம் சிலிகான். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. கதவைச் சாத்தினால் தெருவில் போகிற ஆட்டோ சத்தம்கூடக் கேட்காது. அந்த மே மாதம் ஒரு ஜமீன்தாரைப் போல மரம் இழைத்தேன்.

தலைவலி ஜூனில் தொடங்கியது. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைத்து கண் டாக்டரிடம் போய் வந்தேன். பவர் மாறவில்லை.

அப்புறம் ஊஞ்சல் பலகை வந்தது. பண்ருட்டிப் பக்கம் ஒரு தோப்பில், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சாய்ந்த பலா. அறுத்த பலகைகளைத் தோப்புக்காரர் கூடத்தில் அடுக்கி வைத்திருந்தார். பன்னிரண்டு வருடம் காய்ந்த மரம், மஞ்சள் ஏறி, இழைத்தால் பட்டு மாதிரி வந்தது. அதற்கு என்சி பாலிஷ், அதாவது தின்னரில் கரைத்து அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷ் அடிக்க ஆசைப்பட்டேன். மழைக்காலத்தில் அந்தப் பாலிஷ் அடித்தால் என்ன ஆகும் என்று கைவேலைக்காரர்களுக்குத் தெரியும். தின்னர் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது அங்கே நீராகப் படிந்து பாலிஷ் வெளுத்துப் பூத்துவிடும். நம்மிடம்தான் ஏசி போட்ட, ஈரமில்லாத அறை இருக்கிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு மூன்று கோட் அடித்தேன். முகத்தில் கொரோனா காலத்து என்95 மாஸ்க். அது தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவி அதற்குள் தாராளமாகப் புகுந்து வரும் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

நான்காவது கோட்டுக்குக் கலக்கும்போது கால் தரையில் இல்லாதது போல இருந்தது. வயிற்றைப் புரட்டியது. கதவைத் திறந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தேன்.

“ஏங்க, உள்ள என்னா பண்றீங்க? சமையல்கட்டு வரைக்கும் நெடி அடிக்குது” என்றாள் மனைவி.

“பாலிஷ்.”

“உங்க கண்ணைப் பாருங்க மொதல்ல. சாராயம் குடிச்ச ஆளு மாதிரி.”

பலகை பிரமாதமாக வந்திருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரத்துக்கு ஏசியைப் போட்டாலே தின்னர் நெடி. அன்றைக்கு எனக்கு வந்தது மயக்கத்தோடு போனது அதிர்ஷ்டம்தான். தின்னரில் பெரும்பங்காக இருக்கும் டொலுயினின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு தரையாகத் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேலே போனாலே தீப்பிடிக்கும் அளவை எட்டிவிடும். ஸ்விட்சைத் தட்டும்போது வரும் சின்னப் பொறி போதும். நானோ தரையில் ஒரு டேபிள் ஃபேன் வைத்திருந்தேன், பலகை சீக்கிரம் காய.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அங்கேயே விடுகிறது. சுவரில் குழாய் வெளியே போவதைப் பார்த்து, ஏதோ காற்று வந்து போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் குழாய்க்குள் ஓடுவது குளிர்பதன வாயு, கூடவே ஒரு தண்ணீர்ப் பைப். பழைய ஜன்னல் ஏசிகள் பலவற்றில் கொஞ்சம் காற்றை வெளியே விட ஒரு சின்னக் கதவு இருந்தது. ஸ்பிளிட்டில் அதுவும் போயிற்று. படித்த மனுஷன் எனக்கே இது 50 வயதில்தான் உறைத்தது.

கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். வெளியே வேப்பமரத்தடியில் 430 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 430 பங்கு என்று காட்டியது. உள்ளே கதவைச் சாத்தி ஏசி போட்டுத் தனியாளாக இரண்டு மணி நேரம் வேலை செய்தபின் 1,850. கணக்கெழுதுகிற கை சும்மா இருக்குமா? அறையின் கொள்ளளவு 56 கன மீட்டர். உடம்பை அசைத்து வேலை செய்யும் ஆள் மணிக்குச் சுமார் 40 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறான். 56,000 லிட்டரில் 40 என்றால் மணிக்கு 700 பிபிஎம் ஏறும். இரண்டு மணிக்கு 1,400, ஆரம்பத்தில் இருந்த 430, மொத்தம் 1,830. மீட்டர் சொன்னதும் அதுவே! எங்கள் ஆபீஸ் டிரையல் பேலன்ஸ்கூட இவ்வளவு ஒழுங்காக ஒத்துப்போனதில்லை. அந்த ஒழுங்குக்கு அர்த்தம், என் சிலிகான் வேலை அவ்வளவு நேர்த்தி, அறையிலிருந்து எதுவுமே கசியவில்லை என்பது.

1,850 பிபிஎம் ஆளைக் கொன்றுவிடாது. தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரத்துக்கு 5,000 வரை அனுமதிக்கிறார்கள். ஆனால் அந்த எண் வேறொன்றையும் சொல்கிறது. என் மூச்சே வெளியேறாத அறையில் பசை நெடி, பிளைவுட்டிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு, மரத்தூள் எதுவும் வெளியேறாது. தலைவலிக்கு அவற்றில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. எல்லாமாகச் சேர்ந்துதான் இருக்க வேண்டும்.

சரி, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் தீர்ந்தது என்று கிழக்குச் சுவரில் 12 அங்குல ஃபேன் ஒன்றை மாட்டினேன். போட்டால் சத்தம் மட்டும் வந்தது. ஃபேன் முகத்துக்கு நேரே ஊதுபத்தியைக் காட்டினால் புகை தயங்கித் தயங்கிச் சுற்றியது. வண்டிப்பாளையத்திலிருந்து ஒரு ஆசாரி எனக்கு அவ்வப்போது மரம் தேர்ந்து கொடுப்பார். எழுபது வயதுக்காரர். வந்து பார்த்தார். கதவைத் திறக்க இழுத்தார்; யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டது போல் இழுபட்டுத் திறந்தது. அந்த நிமிடம் ஃபேன் சத்தமே மாறி, ஊதுபத்திப் புகை விறுவிறுவென்று ஓடியது.

“சார், காத்து போவறதுக்கு ஃபேன் வச்சீங்க. வர்றதுக்கு என்னா வச்சீங்க?”

ஒன்றும் வைக்கவில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார். “கடக்காத்து வர்ற பக்கமா பாத்து வச்சிருக்கீங்களே, அது எதுத்துத் தள்ளாதா?” இங்கே பிற்பகல் காற்று கடலிலிருந்து, கிழக்கும் தென்கிழக்குமாக வரும். அந்த முகத்தில் ஃபேனை வைத்து வெளியே தள்ளு என்றால் அது கடலோடு மல்லுக்கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அதே ஓட்டை வழியாகச் சாரல் உள்ளே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேனைக் கழற்றி மேற்குச் சுவருக்கு மாற்றினேன். எதிர்ப்பக்கம் கதவுக்குக் கீழே ஒரு கிரில் வைத்தேன். இப்போது காற்று ஓடியது. மீட்டர் 500க்கு வந்தது. கூடவே ஏசி தோற்றது. சுவர்க் கடிகாரக் கண்ணாடியில் மூட்டம். பலகையைக் கையால் தடவினால் பிசுபிசு.

குளிர்நாட்டுக்காரர்களின் யோசனை நமக்கு ஏன் ஒத்துவராது என்பது எனக்கு அந்த மூட்டத்தில்தான் புரிந்தது. அவர்களுக்குக் குளிர்காலத்தில் வெளிக்காற்று என்றால் வறண்ட காற்று. பூஜ்யம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 கிராம் தண்ணீருக்கு மேல் தாங்காது. அதை உள்ளே விட்டுச் சூடாக்கினால் அறை காயும். அவர்களுக்குக் காற்றோட்டம் என்பதே ஈரத்தை ஓட்டும் வழி. கடலூரில் ஜூன் மாதத்து வெளிக்காற்று ஒரு கன மீட்டருக்கு 22 கிராம் தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறது. 26 டிகிரி, 55 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கும் என் அறையில் இருப்பது 13 கிராம். உள்ளே விடும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 9 கிராம் தண்ணீர் இலவசம். அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்கு ஆயிரம் கன மீட்டர் இழுத்தால் 9 லிட்டர். ஒன்றரை டன் ஏசி பாவம், எவ்வளவைத்தான் பிழிந்து வெளியே விடும்?

இந்த ஈரம் மரத்தையும் விடாது. 55 சதவீத ஈரப்பதத்தில் மரம் தன் எடையில் 10 சதவீதம் தண்ணீரோடு நிற்கும். 80 சதவீதமானால் 16 சதவீதத்துக்குப் போய்விடும். ஏசியில் அளந்து இறுக்கமாகச் செய்த டிராயர், அடுத்த ஐப்பசியில் திறக்க வராது. வீட்டில் இரண்டு அப்படி இருக்கின்றன.

சுவருக்குள் நடந்ததைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு வருடமாயிற்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து தெருவே குளமான பிறகு, ஷெட்டின் அடிப் பிளைவுட் ஊறியிருக்குமே என்று ஒரு பலகையைக் கழற்றினேன். அடியில் ஊறியிருந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஐந்தடி உயரத்தில், வெள்ளம் தொடாத இடத்தில், பாலிதீனின் பின்பக்கம் முழுக்க நீர்த்துளி. அதை ஒட்டியிருந்த கிளாஸ் வுல் நனைந்த தலையணை. சட்டங்களில் கறுப்புப் பூஞ்சணம்.

கனடாக்காரருக்கு உள்ளே வெதுவெதுப்பான ஈரக்காற்று, வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அதைத் தடுக்க உட்பக்கம் பாலிதீன். எனக்கு வெளியே சூடான ஈரக்காற்று, உள்ளே ஏசிக் குளிர். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. பஞ்சு வழியாக வந்து, குளிர்ந்த பாலிதீனில் முட்டி, அங்கேயே தண்ணீராகி நிற்கிறது. குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வேர்க்குமே, அதேதான். பாலிதீனை நான் சுவரின் தப்பான பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். எக்ஸாஸ்ட் ஃபேன் வேறு உள்ளேயிருந்து காற்றை இழுத்து இழுத்து, ஹாலோ பிளாக் சந்து வழியாக வெளியீரத்தைச் சுவருக்குள் வரவழைத்திருக்கிறது. ஃபேன் ஓடிய மணிக்கணக்கெல்லாம் சுவருக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன்.

அதைப் பிரித்துப் போட்ட ஜனவரியில் ஒருநாள் வேறு வேலையாகப் புதுச்சேரி போனேன். வேலை முடிந்து, நினைத்துக்கொண்டே கோல்கொண்டே கட்டடம் இருக்கும் தெருவில் நடந்தேன். அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடம் அது, நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியாது; வெளியிலிருந்தே பார்த்தேன். 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. வரைந்தவர் செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த அன்டோனின் ரேமண்ட். கூட இருந்து வேலையைப் பார்த்தவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் பேர் வாங்கிய அதே நகாஷிமா. எங்களைப் போன்ற மரக்கிறுக்கர்களுக்கு அவர் ஒரு குலசாமி. வடக்கும் தெற்கும் பார்த்த முகம். சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் திருப்பித் திறக்கும் படுக்கைவாட்டுப் பட்டைகள். அறைக்கதவுகள் தேக்கில், பட்டைக்கும் பட்டைக்கும் இடைவெளி விட்டு, காற்று போகும்படி, கண் போகாதபடி. கூரை இரண்டு அடுக்கு. மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், கீழே தளம், இடையில் காற்று ஓடி வெயிலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இதில் எங்கேயும் எதையும் மூடி வைக்கவில்லை.

அங்கேயே நின்று, மொத்த ஷெட்டையும் இடித்துவிட்டு ஓலைக் கொட்டகை போடலாமா என்று யோசித்தேன். அது ஆகிற காரியமில்லை. டேபிள் சா சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், இரும்பும் துருப்பிடிக்கும். ஆனால் தகர ஷீட்டுக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு இன்னொரு ஷீட் போட்டேன். அந்த யோசனை கோல்கொண்டேயில் திருடியது. செலவழித்த காசில் மிகவும் பயன் தந்தது அதுதான். ஏசியை இப்போது இரண்டு டிகிரி ஏற்றி வைத்தாலும் போதுமாக இருக்கிறது.

மற்றதை இப்படிப் பிரித்துக்கொண்டேன். முதலில் என் மூச்சு. மீட்டரை ஆயிரத்துக்குக் கீழே நிறுத்த எனக்கு மணிக்கு 70 கன மீட்டர் வெளிக்காற்று போதும். அதாவது சுமார் 40 சி.எஃப்.எம்., நிமிடத்துக்கு 40 கன அடி. அதற்கு 12 அங்குல ராட்சசன் தேவையில்லை. குழாய்க்கு நடுவே பொருத்தும் 4 அங்குல இன்லைன் ஃபேன் ஒன்று ரெகுலேட்டரோடு, காற்றை உள்ளே தள்ளும்படி. வேப்பமர நிழலில், தரையிலிருந்து ஆறடி உயரத்தில், ஸ்கூட்டர் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி அதன் வாய். நடுவில் ஒரு ஃபில்டர். உள்ளே வரும் காற்றை ஏசி இழுக்கும் இடத்துக்கு நேராக விட்டிருக்கிறேன், அறையில் பரவுவதற்கு முன்பே ஈரத்தைப் பிழிந்துகொள்ளட்டும் என்று. மணிக்கு 600 கிராம் தண்ணீர் கூடுகிறது. அதை ஏசி சமாளிக்கிறது. உள்ளே தள்ளுவதால் அறையின் அழுத்தம் ஒரு பொட்டு கூடுதலாக இருக்கும். அதனால் சந்துகளில் காய்ந்த காற்று வெளியே போகும், ஈரக்காற்று சுவருக்குள் வராது. எதிர் மூலையில், வடமேற்கில், காற்று தள்ளினால் மட்டும் திறக்கும் சின்ன மடல் ஷட்டர். புதிய சுவரில் ஈரத்தடுப்பு வெளிப்பக்கம். உட்பக்கம் வெறும் பிளைவுட். வெளியே போகும் காற்றிடமிருந்து குளிரையும் வறட்சியையும் வாங்கி உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் ஈ.ஆர்.வி. கருவிகளும் உண்டு. நம் ஊருக்கு அதுதான் சரி. குளிர்நாட்டார் வைக்கும் எச்.ஆர்.வி. வெப்பத்தை மட்டும் மாற்றும், ஈரத்தைத் தொடாது. விலை கேட்டேன். வாரத்துக்குப் பத்து மணி நேரம் மரம் இழைப்பவனுக்கு அது அதிகம்.

வேலை முடிந்ததும் முதலில் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் ஏசியை நிறுத்துகிறேன். தலைகீழாகச் செய்த ஒருநாள், குளிர்ந்துபோயிருந்த டேபிள் சாவின் வார்ப்பிரும்புத் தட்டு வேர்த்து, காலையில் துரு.

தூள் வேறு கணக்கு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் தொகுதியில் வைத்திருக்கிறது. அதை மெல்லிய காற்றோட்டத்தால் ஓட்ட முடியாது. பிறக்கிற இடத்திலேயே உறிஞ்ச வேண்டும். என் டஸ்ட் கலெக்டர் நிமிடத்துக்கு 500 கன அடிக்கு மேல் இழுப்பது. அதன் வாயை வெளியே விட்டால் நான்கு நிமிடத்தில் அறையின் குளிர்காற்று மொத்தமும் தெருவுக்குப் போய்விடும். அதனால் அறுப்பு வேலையெல்லாம் காலை ஆறரைக்கு, ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஏசி இல்லாமல். பக்கத்து வீட்டுக்காரர் அந்நேரம் வாக்கிங் போய்விடுவார். தேய்ப்பு வேலைக்கு மட்டும் நல்ல ஃபில்டர் உள்ள வாக்குவம், உள்ளேயே.

தின்னர் அந்த அறைக்குள் வரவே கூடாது. எந்த ஃபேனும் வேண்டாம். சாதாரண மோட்டாரை அந்த ஆவியில் ஓட்டுவதே ஆபத்து. பாலிஷ் வேப்பமரத்தடியில், தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும். மற்ற மாதங்களில் ஆளிவிதை எண்ணெய். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால், கொடியில் விரித்துப் போடுகிறேன். மனைவிக்கு அதில் ஒரு புகார், தோய்த்த புடவைக்குப் பக்கத்தில் போடுவதாக.

ஜெனரேட்டரை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, மழைக்கும் திருட்டுக்கும் பயந்து ஜெனரேட்டரை ஷெட்டுக்குள் வைத்து ஓட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கதவு திறந்திருந்ததால் பிழைத்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நெடி கிடையாது, நிறம் கிடையாது. என் மீட்டரும் அதைக் காட்டாது.

போன வாரம் ஆசாரி வந்தார். மீட்டரில் 780. “இது நல்லதா கெட்டதா?” என்றார். நல்லது என்றேன். ஃபேன் வாய்க்கு நேரே கையைக் காட்டிப் பார்த்தார், ஷட்டர் மடல் அசைவதைப் பார்த்தார், அப்புறம் முக்காலியை எடுத்து வெளியே வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். “உள்ள குளுருது சார். அந்த உளிய இங்க எடுத்தாங்க.”